கல்லுப்பாலத்துக் கொடி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு மங்களத்தின் வீட்டு விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது.

அடுப்பில் நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் பாட்டு நின்று மறுபடியும் தொடங்கியது. அவள் நெத்திலியைப் புரட்டிவிட்டாள். புருஷன் வருவதற்குள் ரசத்தை இறக்கிவிடலாம் என்று நினைத்தாள். பாலத்துப் பக்கமிருந்து ஆட்கள் கத்தும் சத்தம் வந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து தாமானில் யாராவது கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு அந்தச் சத்தத்தில் தன் பெயர் கேட்டது.

கல்லுப்பாலத் தோட்டம் என்று இப்போது எதுவும் இல்லை. பீடோரிலிருந்து தாப்பா போகும் வழியில் உள்ளே திரும்பினால் ஒரு சின்ன ஆறும் அதன்மேல் வெள்ளைக்காரன் கட்டிய கல் பாலமும் இருக்கின்றன. பாலத்துக்கு இந்தப் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பு. அந்தப் பக்கம் இடுகாடு. முன்பு இரண்டு பக்கமும் ரப்பர் நின்றது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையும் கிழடானபின் நிலத்தை விற்றார்கள். லயத்தில் இருந்தவர்களுக்குத் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள் கிடைத்தன. வேலை கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மங்களம் கம்பெனி பஸ்ஸில் போய் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். பால் மரம் சீவிய கை. இப்போதும் ரப்பரைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் ஐயாவு செம்பனைக் குலை வெட்டியவர். தோள் தேய்ந்து வேலை விட்டபின் பீடோரில் ஒரு பலகைக் கிடங்கைக் காவல் காக்கும் ஜாகாவாக இருந்தார். ஆனால் குலை வெட்டும் கலாவை அவர் விடவில்லை. மூன்று ஆள் உயரத்துக்கு நீளும் அலுமினியக் கழி அது. வாசல் சட்டத்தில் தொங்கும். தேர்தல் வந்தால் அதற்கும் அவருக்கும் வேலை வந்துவிடும். ஏணி வேண்டாம், லாரி வேண்டாம். கீழே நின்றபடியே நுனியில் கொடிக்கயிற்றை மாட்டி, யாருக்கும் எட்டாத கொம்பில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிடுவார்.

பழைய கட்சிக்கும் கட்டுவார். புதுக் கட்சிக்கும் கட்டுவார். இதில் ஒளிவு மறைவு இல்லை. பழைய கட்சியின் கிளைத் தலைவன் கனகராஜ் அவருடைய கூடப் பிறந்த தம்பி. புதுக் கட்சியின் தலைவன் சீனி, அவரோடு ஒரே கும்பலில் குலை வெட்டியவன். யாருக்கு இல்லை என்று சொல்வது. யாராவது கிண்டல் செய்தால், "எவன் ஜெயிச்சாலும் நான் கட்டுன கொடிதான்லா ஜெயிக்கும்" என்பார்.

இந்தத் தடவை இரண்டு பேருக்கும் வெறி ஏறியிருந்தது. மாநிலத்தில் யாருக்கும் பெரும்பான்மை வராது என்று பேச்சு. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், ஊர் வழக்கில் ஒய்பி, பழைய கட்சிக்காரர். ஒவ்வொரு ஓட்டும் தங்கம் என்றார்கள். ஓட்டை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல் கொடியை உயர்த்தினார்கள். பாலத்து முச்சந்தியில் ஒருவன் கொடி ஒரு முழம் மேலே போனால் மறுநாள் மற்றவன் கொடி அதற்கு மேலே போக வேண்டும். இரண்டையும் ஏற்றியவர் ஐயாவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மூன்று அடி ஏற்றிக் கட்டச் சொன்னான். கட்டினார். சாயங்காலம் கனகராஜ் போன் செய்தான். ஐயாவு சட்டை மாற்றிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்திருந்தார். மங்களம் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"அண்ணே, பாலத்துல அவனுங்களோடது நம்மதுக்கு மேல பறக்குது. காலையில ஒய்பி அந்த வழியாத்தான் வாராரு. பாத்தா என் மானம் போயிரும்லா."

"மழ பேயுதுடா."

"தூறல்தானண்ணே. ரெண்டு நிமிசத்து வேல."

நாளைக்குப் போகக் கூடாதா என்று மங்களம் கேட்டாள். தம்பி கேக்குறான் என்றார். கலாவைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் பாலத்துச் சுவர் ஓரமாக மல்லாந்து கிடந்தார். கை இரண்டும் கருகியிருந்தன. கலா தள்ளிக் கிடந்தது. மேலே கரண்ட் கம்பி ஒன்றுமே நடக்காததுபோல நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கனகராஜும் அங்கே இருந்தான். அண்ணனுக்குப் பக்கத்தில் இல்லை. கலாவின் நுனிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். பாதி எரிந்த கொடியின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்த்துச் சுருட்டி மோட்டார் கூடைக்குள் திணித்தான். அதற்குப் பிறகுதான் "அண்ணே" என்று கத்தினான்.

போலீஸ் வந்தபோது கொடி இல்லை. கலாவும் உடலும் மட்டும் கிடந்தன.

*

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்துக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. பிணவறைக்கு வெளியே பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் பிரமிளா ஈப்போவில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்தாள். வேறு பிள்ளை இல்லை. பிரமிளா யாரிடமோ பேசிவிட்டு வந்து, போலீஸ் பாலாயில் சித்தப்பா கொடுத்த வாக்குமூலத்தைச் சொன்னாள். பாலத்தையொட்டி வேலி போட்ட கொல்லையில் ஒரு பெத்தாய் மரம் நின்றது. ஐயாவு அந்தப் பெத்தாய்க் காயைக் களவாகப் பறிக்கக் கலாவை நீட்டினார், கம்பியில் பட்டுவிட்டது. அப்படித்தான் எழுதியிருந்தது.

மங்களம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கப்பா பெத்தாய் திம்பாரா?"

"வாட ஆகாதும்மா அவருக்கு."

"எப்பவாச்சும் வித்திருக்காரா?"

"இல்ல."

"சரி" என்றாள் மங்களம்.

செவ்வாய்க்கிழமை பகலில் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் பெத்தாய் தாமான் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி, பெத்தாய்க்கு இப்போது நல்ல விலை, ஆசைப்பட்டுவிட்டார் பாவம் என்றாள். இன்னொருத்தி, கொஞ்சம் போட்டிருந்தாராமே என்று காதில் கேட்டாள். ஐயாவு குடியை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அவளுக்கும் தெரியும். மங்களம் எழுந்தாள். புருஷனின் கருகிய கைகளைப் பிரமிளாவின் வெள்ளைத் துண்டால் மூடினாள். திருடப் போன கை என்று பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

கனகராஜ் அழாமல் இல்லை. முந்தின நாளிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவனும் அவன்தான். மொட்டையடித்திருந்தான். மங்களம் அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"பெத்தாய்ன்னு சொல்லியிருக்கீங்க தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். கம்பிக்குப் பக்கத்தில் கொடி கட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, கொடி என்று சொன்னால் கட்டச் சொன்னவன் யார் என்று கேட்பார்கள், கேஸ் ஆகும், நாலு நாளில் ஓட்டு, ஒய்பி பேர் கெட்டுப் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"ஒங்கண்ணன் பேரு?"

"சனிக்கெழம முடியட்டும் அண்ணி. நானே பாலாய்க்குப் போயி மாத்திச் சொல்லிடுறேன். சாமி சத்தியமா."

"இன்னிக்குப் பொதைக்கிறோம். சனிக்கெழம மாத்திச் சொன்னா யாரு காதுல விழும்? இங்க இத்தன பேரு நிக்கிறாங்க. இப்பச் சொல்லுங்க. திருடப் போகல, நான்தான் அனுப்பினேன்னு. அத மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்."

அவன் வாயைத் திறந்தான். வாசலிலிருந்து அவனுடைய கட்சி ஆள் ஒருவன் "தலைவரே" என்று கூப்பிட்டான். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

*

வாசலில் நாற்காலிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அதைப் புரிந்துகொள்ள, கட்சி உடைந்த கதையைச் சொல்ல வேண்டும். முன்பு தாமானில் ஒரே கிளைதான். நல்லது கெட்டதுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் கோயில் மண்டபத்தில் கிளையின் பேரில் கிடந்தன. கட்சி உடைந்தபோது அவற்றைப் பங்கு போட உட்கார்ந்தார்கள். ஆளுக்குப் பாதி என்று எடுத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நாற்காலி முழுக்க எங்களுக்கு என்றது சீனியின் பக்கம். அப்படியானால் கெமா முழுக்க எங்களுக்கு என்றது கனகராஜின் பக்கம். கெமா என்பது சாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசலில் போடும் தார்ப்பாய்க் கூடாரம். பெரிய சட்டி கனகராஜின் பக்கம் வந்தது. அதன் மூடியும் அகப்பையும் சீனியின் பக்கம் போயின. அன்றைக்கு ஐயாவு மண்டப வாசலில் நின்று, "செத்தவனையும் பங்கு போட்டுக்குங்கடா. தல ஒனக்கு, காலு அவனுக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்துப் பீடோரில் வாடகைக்கு எடுக்கலாம். சாவு நாள் குறித்து வராது. அதனால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பக்கத்துக் கெமாவுக்கு அடியில் மறு பக்கத்து நாற்காலியைப் போட்டுத் தாமான் சமாளித்து வந்தது. தேர்தல் நேரத்தில் சாவு விழுந்தது இதுதான் முதல் தடவை.

கெமாவின் நாலு ஓரத்திலும் பழைய கட்சியின் பெயர் அச்சடித்திருந்தது. நாற்காலிகளின் முதுகில் புதுக் கட்சியின் பெயர் பெயிண்டில் இருந்தது. ஒய்பி துக்கம் கேட்க வருகிறார், அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் படத்தில் எப்படித் தெரியும் என்று கனகராஜின் ஆட்கள் கேட்டார்கள். உங்கள் பெயருக்கு அடியில் எங்கள் ஆட்கள் எப்படி உட்காருவது என்று சீனியின் ஆட்கள் கேட்டார்கள். நாற்காலி முதுகில் கைலியைக் கட்டு என்றான் ஒருவன். முதலில் உன் கெமாவுக்குக் கைலி கட்டிவிடு என்றான் மற்றவன். சவப்பெட்டி இருந்த இடத்துக்கும் அவர்களுக்கும் நடுவே நாலு எட்டுகூட இல்லை.

சடங்கு செய்கிற பத்துமலைக்குப் பொறுக்கவில்லை. சங்கைக் கீழே வைத்தார்.

"ஒக்காரவே இவ்வளவு கஷ்டம்னா நின்னுக்கிட்டே அழுங்கடா. அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு."

மங்களம் உள்ளேயிருந்து வந்தாள். கெமாவைப் பிரிக்கச் சொன்னாள். நாற்காலிகளை அள்ளச் சொன்னாள். இரண்டு பக்கமும் கேளாததுபோல நின்றது. அவளே ஒரு நாற்காலியைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் வைத்தாள். பிறகு இன்னொன்று. பிரமிளா வந்து கெமாக் கயிற்றை அவிழ்த்தாள். தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்து, தேங்கியிருந்த மழைத் தண்ணீர் முழுக்கக் கனகராஜின் ஆட்கள்மேல் ஊற்றியது. யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள்.

வீட்டுப் பின்பக்கம் சீனி வந்தான். கண் கலங்கியிருந்தான். ஐயாவும் அவனும் ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றவர்கள். கையில் போன் வைத்திருந்தான்.

"அக்கா, நடந்தது எல்லாருக்கும் தெரியும். பெத்தாய் கித்தாய்னு மூடப் பாக்குறானுங்க. நீங்க ஒரு நிமிசம் பேசினாப் போதும். கொடி கட்டப் போயிச் செத்தாருன்னு சொல்லுங்க. ராத்திரிக்குள்ள பேராக் முழுக்கப் போயிரும்."

"பேசுறேன்" என்றாள் மங்களம்.

அவன் போனைத் தூக்கினான்.

"ஞாயித்துக்கெழம காலையில நீ வந்ததுலேருந்து ஆரம்பிக்கிறேன். மூனு அடி ஏத்திக் கட்டச் சொன்னியே. அன்னிக்கு ஒன் கொடியும் அதே கம்பி ஓரமாத்தான் போச்சு. காலையில காஞ்சிருந்துச்சு, அதனால அவரு திரும்பி வந்தாரு. அதையும் சேத்துச் சொல்றேன். போடுறியா?"

"அது வேற அக்கா."

"என்னா வேற?"

சீனி போனைப் பார்த்தான். மங்களத்தைப் பார்த்தான். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சட்டி மூடியையும் அகப்பையையும் எடுத்து வரட்டுமா, ஆட்களுக்குக் காப்பி கலக்க வேண்டாமா என்று கேட்டான். அவள் உள்ளே போய்விட்டாள்.

*

இரண்டரைக்கு ஒய்பியின் ஆள் போன் செய்தான். தாப்பாவில் கூட்டம் இழுத்துவிட்டதாம். மூன்றரைக்கு வருகிறாராம், கொஞ்சம் வைத்திருக்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம் என்றார் பத்துமலை. அதற்குமுன் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாலரைக்கு மேல் ஆகும், இடுகாட்டு மண் அதற்குள் சகதியாகிக் குழி இடியும். கனகராஜ் கையைப் பிசைந்தான். மழை பெய்கிறது, சாலை நெரிசல், ஒரு பெரிய மனுஷன் இவ்வளவு தூரம் வருகிறாரே என்றான்.

"தூக்குங்க" என்றாள் மங்களம்.

வாய்க்கரிசி போட்டார்கள். கனகராஜ் போடும்போது அரிசி பாதி வெளியே சிதறியது. மங்களம் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தான்.

பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஒரு பக்கம் கனகராஜின் ஆட்கள். மறு பக்கம் சீனியின் ஆட்கள். கெமாவைப்போல நாற்காலியைப்போல அதையும் பிரித்துக்கொண்டார்கள். தூறல் விடவில்லை. முன்னால் கனகராஜ், வெற்று மேலோடு, தோளில் குடம்.

கல்லுப்பாலத்து முச்சந்தியில் பெட்டியை இறக்கினார்கள். தோட்டக் காலத்திலிருந்து அங்கேதான் இறக்குவது. தலை மாற்றித் திருப்பி வைத்து, பெண்கள் மூன்று சுற்றுச் சுற்றி, அழுது, அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குமேல் ஆண்கள்தான் போவார்கள். பெண்கள் சுற்றினார்கள். பத்துமலை சங்கை ஊதினார். மற்றவர்கள் திரும்பி நடந்தார்கள்.

மங்களம் திரும்பவில்லை.

"அக்கா, போங்க. பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது" என்றார் பத்துமலை.

அவள் பாலத்தின் வாயில் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பிரமிளாவும் வந்து பக்கத்தில் நின்றாள். பாலத்துக்குமேல் சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு கட்சிக் கொடிகளும் வரிசையாகத் தொங்கின. நனைந்து கனத்து, கயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"எறக்குங்க" என்றாள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"இந்தக் கொடிக்கு அடியில அவரு போக மாட்டாரு. ரெண்டு கட்சியோடதும். எறக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

ஆண்கள் மேலே பார்த்தார்கள். ஐயாவு கட்டினால் அப்படித்தான். யார் கைக்கும் எட்டாது. நேரமாகிறது என்றார் ஒருவர். நாளைக்கு இறக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். ராகு காலம் என்றார் பத்துமலை. மங்களம் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளை இழுத்துவிட்டுப் போக அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

சீனிக்கு ரோஷம் வந்தது. அவன் வீடு பாலத்து ஓரம்தான். போய்த் தன் பழைய கலாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்கள் வழிவிட்டார்கள். அவன் காலை அகட்டி நின்று கழியை ஒவ்வொரு கணுவாக நீட்டினான். அலுமினியத்தில் மழைத் தண்ணீர் வழிந்து அவன் முழங்கைக்கு இறங்கியது. நுனி கொடியை நோக்கி ஆடிக்கொண்டே போனது.

கனகராஜ் குடத்தைக் கீழே போட்டான். அது உடைந்து சிதறியது. ஓடிப் போய்ச் சீனியின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இருவரும் சகதியில் விழுந்தார்கள்.

"ஒனக்கு அறிவிருக்காடா? ஈரத்துல கலாவக் கம்பிக்குக் கிட்ட நீட்டுறியே. செத்துருவடா!"

அவன் மூச்சு வாங்கினான். கத்திய சத்தம் ஆற்றின் அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். திரும்பிப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். பெட்டி தூக்கிய ஆட்கள், இரு பக்கமும், அவனைப் பார்த்தார்கள். சீனி சகதியில் உட்கார்ந்தபடி அவனைப் பார்த்தான்.

மங்களம் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஞாயித்துக்கெழம இது ஒங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு, தம்பி?"